காப்டன் பாய்காட் என்ற வினைச்சொல்

அகராதியில் இடம் பெறுவதற்கு மனிதர்களுக்குப் பல வழிகள் உண்டு. லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி திரவங்களை அளவாகச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவருடைய பெயரிலிருந்து 'பாஸ்டரைஸ்' என்ற இங்கிலீஷ் வினைச்சொல் பிறந்தது. மக்கதம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சிறு கற்களைப் பரப்பி உறுதியான பாதை போடும் விதத்தை வகுத்தார். அவர் பெயரிலிருந்து 'மக்கதமைஸ்' பிறந்தது. இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நற்காரியத்தைச் செய்தார்கள். அதற்குக் கூலியாகப் பாஷையில் நிரந்தர வாசம் பெற்றார்கள்.

ஆனால் ஒன்றையுமே கண்டுபிடிக்காமல், ஒரு யுத்தத்திலும் வெற்றி பெறாமல், ஒரு புஸ்தகமும் எழுதாமல், இவர்கள் அனைவரையும் விட அதிகப் பிரசித்தி அடைந்த ஒருவர் உண்டு. அவர் பிறருக்கு என்ன செய்தார் என்பதற்காக அவர் பெயர் நிலைக்கவில்லை. பிறர் அவருக்கு என்னென்ன செய்ய மறுத்தார்கள் என்பதற்காகவே நிலைத்தது. அவர்தான் காப்டன் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட்.

'பாய்காட்' என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லை நம் நேயர்களில் அறியாதவர் இருக்க முடியாது. அதைப் பதம் பிரித்துப் பொருள் காண முயலும் மாணாக்கன் மட்டும் திண்டாடிப் போவான். இங்கிலீஷில் 'பாய்' என்றால் பையன். 'காட்' என்றால் கட்டில். தமிழில் பாய் என்றாலோ படுக்கும் பாய். எப்படிப் பிரித்தாலும் படுக்கை அறைக்குத்தான் போய்ச் சேருவோமே தவிர, பொருள் அகப்படாது. ஏனெனில் அது இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டான பதமன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அந்தப் பெயர் வினைச்சொல்லாக மாறிய கதையைத் தெரிந்துகொண்டால், அந்தச் சொல்லுக்குள் ஒரு தேசத்து ஏழை ஜனங்களின் வரலாறே அடங்கியிருப்பது விளங்கும்.

ஏரிக் கரையில் ஒரு காரியஸ்தர்

அயர்லாந்து தேசத்தின் மேற்குப் பாகத்தில் மாயோ என்ற ஜில்லா இருக்கிறது. மழையும் கல்லும் சதுப்பும் நிறைந்த பூமி. அங்கே மாஸ்க் ஏரி என்று ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் ஏர்ன் பிரபு என்பவருக்குச் சொந்தமான நிலங்கள் இருந்தன. பிரபு அங்கே வசிக்கவில்லை. அவருக்கு வேறு ஜில்லாக்களில் இதைப் போலப் பன்மடங்கு நிலம் இருந்தது. மாஸ்க் ஏரிக் கரையிலிருந்த 1,500 ஏக்கர் நிலத்தின் குத்தகையை வசூலிக்க அவர் ஒரு காரியஸ்தரை நியமித்திருந்தார். அவரே நமது பாய்காட்.

பாய்காட் 1832-ம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள நார்போக் ஜில்லாவில் பிறந்தவர். வாலிபத்தில் சில காலம் பட்டாளத்தில் இருந்தார். 'காப்டன்' என்பது அவர் ராணுவத்தில் அடைந்த பதவி அன்று. அக்கம் பக்கத்தார் வைத்து வழங்கிய மரியாதைப் பட்டம். பிறகு அயர்லாந்தில் குடியேறி நிலம் பயிரிட்டார். மாஸ்க் ஏரிக் கரைக்கு வந்த பின், ஏர்ன் பிரபுவின் காரியத்தைப் பார்ப்பதோடு தாமும் அறுநூறு ஏக்கருக்கு மேல் பயிர் செய்து வந்தார். அவர் பெருங் கொடுங்கோலர் என்று சொல்வதற்கில்லை. பிடிவாதக்காரர், சட்டம் என்றால் சட்டம், வேலியைத் தாண்டிக் குடியானவனுடைய கோழி வந்தால் கூட அபராதம் என்ற ரகத்தைச் சேர்ந்தவர். இத்தகையவர்களை நாமும் நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம் அல்லவா?

அக்காலத்து அயர்லாந்தின் நிலைமையை இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிடலாம்: உழுதவனுக்கு நிலம் இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரன் உழவில்லை. தேசத்தின் பாதி நிலம் ஏறத்தாழ 750 குடும்பங்களின் கையில் இருந்தது. 1845-ம் வருஷம் முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போய்ப் பெரும் பஞ்சம் வந்தது. அதில் சுமார் பத்து லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறிக் கடல் கடந்து போனார்கள். அந்தப் பஞ்சத்தை நேரில் கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே, 1879-ல் மறுபடியும் விளைச்சல் பொய்த்தது. குத்தகை மட்டும் பொய்க்கவில்லை. கொடுக்க முடியாத குடியானவனை அமீனா வந்து வீட்டை விட்டு வெளியேற்றினான்.

அதே வருஷத்தில்தான் அயர்லாந்தில் நிலச் சங்கம் ஏற்பட்டது. அதை உருவாக்கப் பாடுபட்டவர் மைக்கேல் டேவிட் என்பவர். அவரே ஒரு காலத்தில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சங்கத்தின் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். நியாயமான குத்தகை, நிலைத்த குடியுரிமை, உரிமையை விற்கும் சுதந்திரம் என்ற மூன்றும் குடியானவர்களின் கோரிக்கைகள்.

"சுட்டுத் தள்ளு!"

1880-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 19-ந் தேதி என்னிஸ் என்ற ஊரில் ஒரு பெரிய கூட்டம். பார்னெல் பேசிக்கொண்டிருந்தார். அயலானை வெளியேற்றிய நிலத்தை வேறொருவன் பேராசையால் குத்தகைக்கு எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்வீர்கள் என்று ஜனங்களைக் கேட்டார். "சுட்டுத் தள்ளு!" என்று கூட்டத்திலிருந்து குரல்கள் எழுந்தன.

பார்னெல் நிதானமாகப் பதில் சொன்னார். அதைக் காட்டிலும் நல்ல வழி, தருமத்துக்கு இசைந்த வழி ஒன்று இருக்கிறது என்றார். வழியில் கண்டால் அவனோடு பேசாதீர்கள். கடையில் கண்டால் பேசாதீர்கள். சந்தையிலும், கோயிலிலும் கூட அவனை விட்டு ஒதுங்குங்கள். தொழுநோயாளியைப் பழைய காலத்தில் ஒதுக்கியது போல ஒதுக்கிவிடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்த யோசனை வெறும் மேடைப் பேச்சு அன்று. அந்தச் சமயத்தில் அயர்லாந்தில் துப்பாக்கிகள் பேச ஆரம்பித்திருந்தன. அதே மாதம் 25-ந் தேதி, மாஸ்க் ஏரிப் பிரதேசத்திலேயே, மௌண்ட்மாரிஸ் பிரபு என்ற நிலச்சுவான்தாரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். ஆகவே குடியானவர்களுக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று இரத்தப் பாதை. மற்றொன்று மௌனப் பாதை. காப்டன் பாய்காட்டின் அயலார் பின்னதைத் தேர்ந்துகொண்டார்கள்.

அந்த வருஷம் ஏர்ன் பிரபு குத்தகையில் நூற்றுக்குப் பத்து வீதம் தள்ளிக் கொடுப்பதாகச் சொன்னார். குடியானவர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து கேட்டார்கள். பிரபு மறுத்தார். பாய்காட் பதினொரு பேர் மீது வெளியேற்ற நோட்டீஸ் வாங்கினார். செப்டம்பர் 22-ந் தேதி, பதினேழு போலீஸார் காவலுடன் அமீனா நோட்டீஸுகளைச் சார்வு செய்யப் புறப்பட்டார். மூன்று வீடுகளில் காரியம் முடிந்தது. அடுத்த வீட்டில் இருந்த அம்மாள் நோட்டீஸை வாங்க மறுத்ததோடு, சிவப்புத் துணி ஒன்றை எடுத்து வீசி அக்கம் பக்கத்துப் பெண்களுக்குச் சைகை காட்டினாள். அவ்வளவுதான். நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். சேறும் கல்லும் சாணமும் பறந்தன. அமீனாவும் போலீஸாரும் காப்டனுடைய வீட்டுக்குள் தஞ்சம் புகுந்தார்கள்.

மறுநாள் காப்டனுடைய பண்ணையில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வீட்டு வேலைக்காரர்கள் போனார்கள். கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்க வரவில்லை. சலவைக்காரி துணி எடுக்க வரவில்லை. தபால் கொண்டு வரும் பையனும் நின்றான். பாலின்ரோப் பட்டணத்துக் கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். எல்லாரும் மனமொப்பித்தான் நின்றார்கள் என்று சொல்ல முடியாது; சிலரைப் பயமுறுத்தி நிறுத்தியதும் உண்டு. ஆயினும் காப்டனின் மேல் ஒரு கை கூடப் படவில்லை. வயலில் உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் விளைந்து கிடந்தன. தோண்டி எடுக்க ஆள் இல்லை.

ஆயிரம் பேர் காவலில் ஓர் அறுவடை

காப்டன் தம்முடைய கஷ்டங்களையெல்லாம் விவரித்து லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 18-ந் தேதி அது வெளியாயிற்று. இங்கிலாந்து முழுவதும் பரபரப்பு உண்டாயிற்று. ஒரு கனவானைக் குடியானவர்கள் பட்டினி போடுவதா என்று பத்திரிகைகள் முழங்கின. நிதி திரட்டினார்கள். அயர்லாந்தின் வடபாகத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்களை ஆயுதங்களோடு அனுப்புவதாகச் சிலர் கிளம்பினார்கள். இது உள்நாட்டுக் கலகத்தில் முடியும் என்று அஞ்சிய சர்க்கார், ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவிட்டது. காப்டன் பாய்காட்டோ, பத்துப் பதினைந்து கூலியாட்கள் வந்தால் போதும் என்றே கருதினார்.

நவம்பர் மாதம் 11-ந் தேதி அந்த ஐம்பது தொண்டர்களும் கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பாதுகாக்கக் குதிரைப் படையும், காலாட் படையும், போலீஸுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர். ஐம்பது பேர் கிழங்கு தோண்ட, ஆயிரம் பேர் காவல்! இந்தச் சேனையை எதிர்த்துக் குடியானவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றுமே செய்யவில்லை. ஓமாலி என்ற ஊர்ப் பாதிரியார், "யாரும் பாதையில் தலை காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சேனை போன வழியெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. பாதை ஓரத்தில் தனியாக நின்ற ஒரு கிழவியைப் பாதிரியார் கண்டு, "மகாராணியின் பட்டாளத்தைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று உன்னிடம் சொல்லவில்லையா?" என்று பொய்க் கோபத்துடன் அதட்டினார் என்று ஒரு கதை கூடச் சொல்வார்கள்.

இரண்டு வாரம் அறுவடை நடந்தது. குளிரும் மழையும் தாங்க முடியவில்லை. காப்டனுடைய வீட்டுத் தோட்டத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கியதால், காப்பாற்ற வந்தவர்களாலேயே தோட்டம் மிதிபட்டு நாசமாயிற்று. கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். காப்பாற்றிய விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். அதற்கு ஆன செலவோ சுமார் 10,000 பவுன் என்று மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்தார்.

நவம்பர் மாத முடிவில் காப்டனும் குடும்பத்தாரும் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். வண்டி ஓட்ட ஒரு மனிதனும் அகப்படவில்லை. ராணுவத்தாரின் நோயாளி வண்டியில் ஏறி, ராணுவச் சாரதி ஓட்ட, ரயிலடி போய்ச் சேர்ந்தார்கள்.

விருந்து மேஜையில் பிறந்த சொல்

இப்போது சொல்லின் பிறப்புக்கு வருவோம். அந்த நாட்களில் ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் மாயோ ஜில்லாவில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஓமாலிப் பாதிரியாருடன் அவர் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, சாப்பாடு இறங்காமல் யோசனையில் ஆழ்ந்தார். என்னவென்று பாதிரியார் கேட்டார். ஒரு சொல் வேண்டியிருக்கிறது என்றார் ரெட்பாத். ஒரு நிலச்சுவான்தாரையோ காரியஸ்தரையோ ஜனங்கள் இப்படி ஒதுக்கி வைப்பதற்கு என்ன பெயர் சொல்வது? 'ஆஸ்ட்ரஸைஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தை இருக்கிறது. பழைய ஆதென்ஸ் நகரத்தில் வேண்டாதவனுடைய பெயரை ஓட்டுச் சில்லில் எழுதிப் போட்டு அவனைப் பத்து வருஷம் நாடு கடத்தும் வழக்கத்திலிருந்து வந்த பதம் அது. ஆனால் குடியானவர்களுக்கு அது விளங்குமா?

விளங்காது என்று பாதிரியாரும் ஒப்புக்கொண்டார். நெற்றியைத் தட்டிக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு, "அவனைப் 'பாய்காட்' செய்வது என்று சொன்னால் எப்படி?" என்று கேட்டார். ரெட்பாத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இது ரெட்பாத்தே பின்னால் எழுதி வைத்த விவரம்.

அக்டோபர் மாதத்திலேயே அந்தச் சொல் அமெரிக்கப் பத்திரிகையில் ஏறிவிட்டது. நவம்பர் 20-ந் தேதி லண்டன் 'டைம்ஸ்' அதை உபயோகித்தது. சில வாரங்களில் மேற்கோள் குறி மறைந்தது. பிறகு தலைப்பெழுத்தும் சிற்றெழுத்தாகச் சுருங்கியது. 1888-ல் வெளியான ஆக்ஸ்போர்டு அகராதியின் முதல் பாகத்திலேயே அது இடம் பெற்றது. அப்போது காப்டன் பாய்காட் உயிரோடிருந்தார்! தம் பெயரை அகராதியில் தாமே புரட்டிப் பார்க்கக் கூடிய நிலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பிரெஞ்சு, ஜெர்மன், ருஷியன், ஜப்பானியம் முதலிய பாஷைகளும் மொழிபெயர்க்காமல் அவர் பெயரையே அப்படியே வாங்கிக்கொண்டன.

சொல்லின் உபயோகத்தைப் பற்றியும் இங்கே சிறிது கவனிக்க வேண்டும். இது செயப்படுபொருள் குன்றா வினை. ஒருவரையோ, ஒரு கடையையோ, ஒரு சரக்கையோ, ஒரு கூட்டத்தையோ, ஒரு தேர்தலையோ 'பாய்காட்' செய்யலாம். ஆனால் சும்மா போகாமல் இருப்பது 'பாய்காட்' ஆகாது. தலைவலியால் கூட்டத்துக்குப் போகாதவன் கூட்டத்தைப் பாய்காட் செய்தவன் அல்லன். பலர் சேர்ந்து, காரணத்தை அறிவித்து, வேண்டுமென்றே விலகுவதுதான் அந்த வினை. வேலை நிறுத்தமும் வேறு; கடை வாசலில் நின்று மறியல் செய்வதும் வேறு. ஓர் அரசாங்கம் இன்னொரு நாட்டுக்குச் சரக்குப் போகாமல் தடுப்பதும் வேறு; அது மேலிருந்து இடும் உத்தரவு. பாய்காட் கீழிருந்து எழுவது.

நாம் இதற்கு 'பகிஷ்காரம்' என்று பெயர் வைத்தோம். பகிஸ் என்றால் வெளியே; வெளியே ஆக்குவது பகிஷ்காரம். இலங்கைத் தமிழர் இன்றும் 'பகிஷ்கரிப்பு' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்போது 'புறக்கணிப்பு' என்பதே பெருவழக்கு. அதிலும் 'புறம்' இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். பெற்றோரைப் பிள்ளை கவனிக்காமல் விட்டாலும் தமிழில் 'புறக்கணித்தான்' என்போம். இங்கிலீஷ்காரர் அதை 'பாய்காட்' என்று சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்போர் இதை மறந்துவிடக் கூடாது.

நம் தேசத்தில் அந்தச் சொல்

பார்னெலின் தேசத்திலிருந்து நம் தேசத்துக்கு இச்சொல் வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. வங்காளத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தபோது, 1905-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கல்கத்தா 'சஞ்சீவனி' பத்திரிகை அன்னியச் சரக்குகளைப் பகிஷ்கரிக்கும்படி எழுதியது. ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம் அதையே தீர்மானமாக நிறைவேற்றியது. மறு வருஷம் கல்கத்தா காங்கிரஸிலோ இந்த ஒரு சொல்லின் பொருளைக் குறித்தே பெரும் விவாதம் எழுந்தது. அன்னியத் துணியோடு நிற்பதா, சர்க்கார் பதவிகளுக்கும் விரிவதா? வங்காளத்துக்கு மட்டுமா, பாரத தேசம் முழுவதற்குமா? 1907-ல் சூரத் காங்கிரஸ் உடைந்ததற்கான காரணங்களில் இந்த விவாதமும் ஒன்று. 1920-ல் சட்டசபை, நீதிமன்றம், கலாசாலை என்று பகிஷ்காரம் விரிந்தது. 1928-ல் ஓர் இந்தியரும் இல்லாமல் வந்த சைமன் கமிஷனுக்கு ஊர் ஊராகக் கறுப்புக் கொடியும் அடைத்த கதவுகளும் வரவேற்பளித்தன.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி தூத்துக்குடி. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பக்கம் ஊரே நின்றது. அப்போது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வதுண்டு. க்ஷவரம் செய்துகொண்டிருந்த ஒரு வக்கீல், தொழிலாளர்களுக்கு விரோதமாக ஏதோ சொன்னாராம். நாவிதர் கத்தியை மடித்து வைத்து, பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். மாயோ ஜில்லாக் கொல்லனும் சலவைக்காரியும் இதைக் கேட்டால் மிகவும் ரஸித்திருப்பார்கள்.

கத்தியின் மறு முனை

நாமும் ரஸிக்கிறோம், சிரிக்கிறோம். ஆனால் சற்றே நின்று யோசிக்க வேண்டிய இடமும் இதுதான்.

நாவிதர் வர மாட்டார், சலவைத் தொழிலாளி வர மாட்டார், கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது - இந்த வார்த்தைகள் நமக்குப் புதியவை அல்லவே! காப்டன் பாய்காட் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே நம் கிராமங்களில் 'ஊர் விலக்கு' இருந்தது. அது பெரும்பாலும் பிரபுவின் மேல் பாயவில்லை. கட்டுப்பாட்டை மீறிய விதவையின் மேல் பாய்ந்தது. ஜாதி விட்டு மணந்தவன் மேல் பாய்ந்தது. செருப்புப் போட்டு நடக்கவும், பொதுக் குளத்தில் நீர் மொள்ளவும் துணிந்த தாழ்த்தப்பட்டவர்கள் மேல் பாய்ந்தது. ஏர்ன் பிரபுவின் காரியஸ்தருக்கு ரயில் இருந்தது. ராணுவ வண்டி இருந்தது. திரும்பிப் போக இங்கிலாந்து இருந்தது. கூலியை நம்பிச் சேரியில் வாழும் குடும்பத்துக்கு எங்கே போக்கிடம்?

1930-ம் வருஷம் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்காரும், நம் மாகாணத்து இரட்டைமலை சீனிவாசனும் சென்றார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து சமர்ப்பித்த திட்டத்தில், சமூகப் பகிஷ்காரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். பர்மாவில் 1922-ல் இயற்றிய சட்டம் ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொண்டார்கள். தேசம் முழுவதும் பகிஷ்காரம் என்ற சொல் மந்திரம் போல முழங்கிக்கொண்டிருந்த அதே வருஷத்தில், அந்தச் சொல்லின் மறு முனையைத் தங்கள் மேனியில் அனுபவித்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

அவர்கள் கேட்டது வீண் போகவில்லை. 1955-ல் இயற்றிய தீண்டாமைக் குற்றச் சட்டம் இந்த வினைச்சொல்லுக்கு ஒரு விளக்கமே கொடுத்தது. வீடோ நிலமோ கொடுக்க மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது, வழக்கமான ஊழியத்தை மறுப்பது முதலியவற்றை அது வரிசைப்படுத்தியது. மாஸ்க் ஏரிக் கரையில் நடந்தவற்றை ஒரு குமாஸ்தா பட்டியல் எழுதியது போலவே இருக்கிறது! 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தமும், மகாராஷ்டிரம் 2016-ல் இயற்றிய தனிச் சட்டமும் இந்தக் குற்றத்தையே தண்டிக்கின்றன.

விந்தை என்னவென்றால், அதே 1955-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்து நீக்ரோ மக்கள் - இன்று கறுப்பினத்தார் என்கிறோம் - வெள்ளையருக்குத் தனி ஆசனம் ஒதுக்கிய பஸ்களில் ஏறுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள், ஜயித்தார்கள். அந்த இயக்கத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் பின்னால் எழுதிய புஸ்தகத்தில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 'பாய்காட்' என்ற சொல் அவருக்கு முதலில் உறுத்தலாக இருந்ததாம். கறுப்பினத்தாரை அடக்க வெள்ளையர் சபைகள் உபயோகித்த ஆயுதமும் அதுவே அல்லவா? கடைசியில், நாம் செய்வது ஒருவரை நசுக்குவதன்று, தீமையோடு ஒத்துழைக்க மறுப்பது என்று தெளிந்தார். காந்தியடிகளுக்கும் இந்தச் சொல்லைக் கண்டு தயக்கமே இருந்தது. பகிஷ்காரத்தில் தண்டிக்கும் ஆசை கலந்திருக்கிறது என்று அவர் கருதினார். கருத்து வேறுபாட்டுக்காக ஒருவனுக்குத் தண்ணீரையும் வைத்தியத்தையும் நிறுத்துவது ஹிம்ஸையே என்று 1920-லேயே எச்சரித்தார்.

ஆகவே, அகராதி சொல்லாத பொருள் ஒன்று இந்த வினைச்சொல்லில் இருக்கிறது. எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று பார்த்தால்தான் அது விளங்கும். எளியவர்கள் எழுவாயாகி, வலியவன் செயப்படுபொருளானால், அது துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நடத்தும் போர். வலியவர்கள் எழுவாயாகி, எளியவன் செயப்படுபொருளானால், அது சத்தமில்லாமல் செய்யும் கொலை. வினை ஒன்றே, எழுத்துக்களும் அவையே.

காப்டன் பாய்காட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1881-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது, கப்பலில் 'சார்லஸ் கன்னிங்ஹாம்' என்று மட்டும் பெயர் கொடுத்தார். குடும்பப் பெயரைச் சொல்லத் துணியவில்லை. அந்த வருஷமே கிளாட்ஸ்டன் மந்திரி சபை கொண்டுவந்த நிலச் சட்டம் குடியானவர்களின் மூன்று கோரிக்கைகளையும் ஏற்றுக்கொண்டது. காப்டன் மாஸ்க் ஏரிக்கே திரும்பி வந்தார். ஆச்சரியம்! ஜனங்களுடைய பகை மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. மேலும் சில வருஷங்கள் அங்கே வாழ்ந்துவிட்டு, 1886-ல் இங்கிலாந்தில் வேறு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகும் விடுமுறை நாட்களில் அயர்லாந்துக்கு வந்து போனார். 1897-ல் காலமாகிப் பிறந்த ஊரிலேயே அடக்கமானார்.

அவரை ஒதுக்கி வைத்த கொல்லனும் சலவைக்காரியும் வேண்டியது அவருடைய அழிவு அன்று; தங்கள் குத்தகையில் நியாயம். நியாயம் கிடைத்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள். இனி யாரையேனும் 'பகிஷ்கரிப்போம்' என்ற குரல் நம் காதில் விழும்போது, இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். ஒதுக்கப்படுகிறவனுக்குப் போக ஒரு ரயில் இருக்கிறதா? நியாயத்துக்கு இணங்கினால் அவன் திரும்பி வர ஒரு கதவு இருக்கிறதா?